ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, இனி இரண்டாம் கல்யாணக் கேஸ் போட முடியாதா? (சேலம்)

சலங்கைத் தம்பி

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன்.

அக்காவுக்கு 2008-இல் கல்யாணம். மாப்பிள்ளை ஓமலூர்ப் பக்கம், சொந்தமாக மினி லாரி வைத்திருந்தார். ஒரு பெண் குழந்தை. 2014-இல் அடி தாங்க முடியாமல் அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விவாகரத்து வழக்கு இரண்டு பக்கமும் யாரும் போடவில்லை. 2016 ஆவணியில் அவர் வேறொரு பெண்ணைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டார். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, பத்திரிகை அடித்துப் பந்தி போட்டுத்தான். அந்தப் பத்திரிகை எங்கள் கைக்கும் வந்தது. அவருடைய சித்தப்பா பையன் மனசு கேட்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அப்போது அப்பா இருந்தார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். குழந்தை பேரில் 3 லட்சம் போடுவதாக அவர் ஒத்துக்கொண்டார். வந்தது 40 ஆயிரம். அப்புறம் போனைக்கூட எடுப்பதில்லை. அப்பா 2019-இல் தவறிவிட்டார்.

அக்கா இப்போது கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைக்கிற வேலைக்குப் போகிறாள். மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் அவளுடைய ஏதோ ஒரு சான்றிதழுக்காக அக்கா அவரிடம் கையெழுத்து கேட்கப் போனாள். வாசலிலேயே நிறுத்தி, "ஏழு வருஷம் தாண்டிடுச்சு, இனி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது, தெரிஞ்சுக்கோ" என்றாராம். அதற்கப்புறம் ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கேயும், "ரொம்பப் பழசும்மா, டைம் பார் ஆகியிருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏழு வருஷக் கணக்கு உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஞ்சுரோட்டான்

ஏழு இல்லை தம்பி, மூன்று வருஷம். என் மச்சினனுக்கு வக்கீல் சொன்னார். கொடுமை, அடிதடி, இரண்டாம் கல்யாணம் எல்லாமே மூன்று வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும். வருத்தமாக இருக்கிறது. ஆனால் முடிந்த கதை.

பழைய குமாஸ்தா

முடிந்த கதை இல்லை. இப்படி யாரோ ஒருத்தர் சொல்லிவிட்டுப் போவதால்தான் பாதிப் பேர் வழக்கே போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சேலத்தில் 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை எழுதி எழுதிக் கை தேய்ந்திருக்கிறது.

குற்ற வழக்குக்குக் காலக்கெடு எவ்வளவு என்பதைக் குற்றத்தின் பெயர் முடிவு செய்வதில்லை, அதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை முடிவு செய்கிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 468-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 514. வெறும் அபராதம் என்றால் 6 மாதம். ஒரு வருஷம் வரை சிறை என்றால் 1 வருஷம். அதற்கு மேல் 3 வருஷம் வரை சிறை என்றால் 3 வருஷம். அத்தோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. 3 வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு என்ற ஒன்றே கிடையாது.

முதல் மனைவி இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் செய்வது இ.பி.கோ. 494. தண்டனை 7 வருஷம் வரை. முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாவது பெண்ணை ஏமாற்றியிருந்தால் 495, தண்டனை 10 வருஷம் வரை. இரண்டுமே மூன்றைத் தாண்டியவை. ஆகவே 9 வருஷம் என்ன, 19 வருஷம் ஆனாலும் கெடு முடிந்துவிட்டது என்று எந்த மாஜிஸ்திரேட்டும் தள்ள முடியாது.

சரி, அந்த ஏழு எங்கிருந்து வந்தது? நான் பார்த்தவரை மூன்று ஏழுகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. ஒன்று, தண்டனை ஏழு வருஷம். அதைக் கெடு என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு, 494-இலேயே ஒரு விலக்கு உண்டு. கணவனோ மனைவியோ தொடர்ந்து 7 வருஷம் எங்கே போனார், உயிரோடு இருக்கிறாரா என்ற சேதியே இல்லாமல் இருந்தால், அதைப் புதிதாகக் கட்டிக்கொள்பவரிடம் சொல்லிவிட்டு மறுமணம் செய்தால் குற்றமில்லை. உங்கள் அக்கா செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறார். ஓமலூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரம். அவருக்குச் சேதி தெரியாதா? மூன்றாவது, கல்யாணமான 7 வருஷத்துக்குள் பெண் இறந்தால் வரதட்சணை மரணம் என்று பார்க்கும் சட்டம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அஞ்சுரோட்டான் சொன்ன மூன்று வருஷம் 498ஏ-வுக்கு, அதாவது கொடுமைக்கு. அதன் தண்டனை 3 வருஷம், அதனால் கெடுவும் 3 வருஷம். மச்சினனுக்குச் சொன்ன வக்கீல் சரியாகத்தான் சொல்லியிருப்பார். காதில் விழுந்த விதம்தான் தப்பு.

அஞ்சுரோட்டான்

சரிங்க, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 வருஷத்துக்கு மேல் தண்டனை கொடுக்கவே முடியாது என்கிறார்களே. 494 வழக்கு அவரிடம்தானே போகிறது? அப்படிப் பார்த்தால் மூன்று வருஷக் கணக்குத்தானே வரும்?

பழைய குமாஸ்தா

நல்ல கேள்வி, இதைக் கேட்டு எங்கள் ஆபீஸில் ஜூனியர்களே திணறியிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டின் கைக்கு எட்டுவது 3 வருஷம் என்பது அவருடைய அதிகாரத்தின் அளவு. கெடுவுக்குப் பார்ப்பது, அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் அதிகபட்சமாக என்ன போட்டிருக்கிறது என்பதை. புத்தகத்தில் 7 என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

சலங்கைத் தம்பி

குமாஸ்தா ஐயா, ரொம்ப நன்றி. அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் அடுப்பில் வேலை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அப்ப போலீஸ் ஸ்டேஷனில் ஏன் எடுக்கலை?" என்று கேட்டாள்.

மூன்றாமாண்டு

சட்டம் படிக்கிறேன் அண்ணா, இதை நான் சொல்கிறேன். 494 போலீஸ் நேரடியாகப் பிடித்து விசாரிக்கும் வகைக் குற்றம் இல்லை. கைது செய்ய வாரன்ட் தேவைப்படும் வகை, ஜாமீனும் உண்டு. ஆந்திராவில் மட்டும் 1992-இல் திருத்தம் கொண்டுவந்து போலீஸே எடுக்கும் வகையாக மாற்றினார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ரசீது போட்டு, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்று அனுப்ப வேண்டும். உங்களைத் திருப்பி அனுப்பியதில் தப்பில்லை, காலம் கடந்தது என்று காரணம் சொன்னதுதான் தப்பு.

நீங்கள் போட வேண்டியது தனிநபர் புகார். அதையும் பாதிக்கப்பட்டவர்தான் போட முடியும், பக்கத்து வீட்டுக்காரர் போட முடியாது. ஆனால் மனைவிக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. அவருக்காக அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் யாரும் போடலாம். நடைமுறைச் சட்டத்தில் பழைய 198, இப்போது 219. அக்காவுக்குப் பட்டறையில் லீவு கிடைக்காவிட்டால் புகாரில் நீங்களே கையெழுத்துப் போடலாம். சாட்சி சொல்ல மட்டும் அவர் வந்தாக வேண்டும்.

2016-இல் நடந்த கல்யாணம் என்பதால் குற்றம் இ.பி.கோ. 494 படிதான், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ். 82 வராது. நடைமுறை மட்டும் புதுச்சட்டம். அதில் ஒன்று கவனியுங்கள். புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரியைக் கூப்பிட்டு அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 223-இல் வைத்திருக்கிறார்கள். முன்பு அப்படி இல்லை. ஆக, முதல் வாய்தாவிலேயே அவர் வக்கீலோடு வந்து நிற்பார்.

பழைய குமாஸ்தா

தம்பி சரியாகச் சொன்னார். எங்கே போடுவது என்பதில் ஒரு நெளிவு இருக்கிறது. இரண்டாம் கல்யாணம் நடந்த ஊர், கணவனும் முதல் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், அல்லது குற்றம் நடந்த பிறகு முதல் மனைவி நிரந்தரமாகக் குடியேறிய ஊர். இந்த மூன்றில் ஒன்று. சேலம்தான் வசதி என்று தோன்றும். ஆனால் அக்கா 2014-லேயே வந்துவிட்டார், குற்றம் நடந்தது 2016. "பிறகு" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர் வக்கீல் ஆறு மாதம் ஓட்டுவார். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது ஓமலூர் என்றால் அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில் போட்டுவிடுங்கள். பஸ் செலவு மிச்சமாகிறதே என்று பார்த்து வழக்கை இழுக்கவிடாதீர்கள்.

மேட்டூர் ராசா

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த மனுஷனுக்கு அங்கே ஒரு குடும்பம், அதில் பிள்ளைகளும் இருக்கும். இப்போது போய் உள்ளே தள்ளி என்ன கிடைக்கும்? அன்றைக்கே போட்டிருந்தால் நியாயம். பணம் வரவில்லை என்றதும் கேஸ் என்றால், பணத்துக்காக மிரட்டுவது என்றுதான் நீதிபதியும் நினைப்பார்.

கண்ணன்குறிச்சி மல்லிகா

நினைக்கட்டுமே. பணம் வராததால் கேஸ் போட்டால் அதில் என்ன கேவலம்? அது குழந்தைக்குச் சேர வேண்டிய பணம்.

"அன்றைக்கே ஏன் போடவில்லை" என்ற கேள்வியை எனக்கும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு 24 வயசு. கைக்குழந்தை. கோர்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஊர்ப் பெரியவர்கள்தான். அவர்கள் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம், ஆடி கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளினார்கள். தாமதத்தை நாங்கள் செய்யவில்லை, எங்களுக்காக மற்றவர்கள் செய்தார்கள். அப்புறம் ஒருநாள் அதே ஆட்கள் ரொம்ப நாளாகிவிட்டதே என்கிறார்கள்.

அங்கே பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டாம் கல்யாணம் செல்லாது என்றாலும் அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தான். 2023-இல் உச்ச நீதிமன்றம் அப்பாவுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் வரக்கூடிய பங்கிலிருந்தும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அவர்களைக் காட்டி முதல் மனைவியின் வாயை அடைக்க வேண்டியதில்லை.

மேட்டூர் ராசா

வாயை அடைக்கச் சொல்லவில்லை அக்கா. வழக்கு நிற்குமா என்றுதான்.

பழைய குமாஸ்தா

ராசா கேட்டதில் ஒரு பாதி சரி. கெடு இல்லை என்பதால் தாமதத்துக்கு விலையே இல்லை என்று ஆகாது. அந்த விலையைச் சாட்சியில் கட்ட வேண்டியிருக்கும்.

2000-க்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கு. ஆத்தூர்ப் பக்கத்து அம்மா. இரண்டாம் கல்யாணம் நடந்து 11 வருஷம் கழித்து வந்தார். வழக்கு கோப்பில் ஏறியது, காலக்கெடுப் பேச்சே எழவில்லை. தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் இறந்துபோயிருந்தார். பந்தி பரிமாறியவர் ஒருவர் சாட்சிக்கு வந்தார். எதிர் வக்கீல் கேட்டார்: "தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?" "சமையல்கட்டில்." "அங்கிருந்து மணவறை தெரியுமா?" மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "கெட்டிமேளம் கேட்டதுங்க" என்றார். அந்த ஒரு பதிலில் வழக்கு போய்விட்டது. அந்த அம்மா வராந்தாவில் என்னிடம் வந்து, "மேளம் கேட்டா கல்யாணம் நடந்ததுன்னுதானே சாமி அர்த்தம்?" என்றார். நான் என்ன சொல்ல?

ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது, இதெல்லாம் போதாது. சடங்கோடு கல்யாணம் நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். 1965-இல் பாவ்ராவ் லோகண்டே வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவருகிறது. எதிரியே "ஆமாம், கட்டிக்கொண்டேன்" என்று எங்காவது எழுதிக்கொடுத்திருந்தாலும் அது மட்டும் போதாது. என்னைக் கேட்டால் இது பெண்களுக்கு ரொம்பக் கடினமான விதி. யார் தன் புருஷனின் இரண்டாம் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருவார்?

மூன்றாமாண்டு

அதே விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. நாகலிங்கம் எதிர் சிவகாமி, 2001. கணவர் 1984-இல் திருத்தணியில் தேவஸ்தான மண்டபத்தில் இரண்டாம் கல்யாணம் செய்தார். அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை, கல்யாணமே இல்லாதபோது இருதாரக் குற்றம் எங்கே என்று வாதம். விசாரணை நீதிமன்றம் விட்டுவிட்டது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காரணம் நம்முடைய 7ஏ பிரிவு. சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும்.

சீர்திருத்தத்துக்காகக் கொண்டுவந்த பிரிவு கடைசியில் ஏழடிச் சாக்கை உடைக்கப் பயன்பட்டிருக்கிறது. எனக்குப் பாடத்தில் ரொம்பப் பிடித்த தீர்ப்பு இது. அதனால் உங்கள் அக்கா வழக்கில் தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஒருவர் நம்பும்படி சொன்னால் போதும்.

ஏற்காட்டு மிளகு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மலையில் இருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் மலையாளி சமூகம். கேரளா இல்லை, சேர்வராயன் மலை. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நாங்கள் பட்டியல் பழங்குடி. இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை போட்டால் ஒழிய, பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. கோயிலுக்குப் போகிறோம், விபூதி பூசுகிறோம், அது வேறு.

நாகலூர் போகிற வழியில் எங்கள் பெரியம்மா வீடு. பெரியப்பா இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்து தாலி கட்டினார். கீழே சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள், அவர் எல்லோருக்கும் போடுவதுபோல 494 போட்டுவிட்டார். பெரியப்பா பக்கத்தில் ஒன்றும் பேசவில்லை, சாதிச் சான்றிதழை நீட்டினார்கள். எங்கள் வழக்கத்தில் இரண்டாம் கல்யாணம் செல்லாது என்று சட்டத்துக்குச் சமமான வழக்கம் இருப்பதைப் புகாரிலேயே சொல்லி நிரூபிக்க வேண்டுமாம். சொல்லவில்லை. வழக்கு போய்விட்டது. காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறியதுதான் மிச்சம்.

மூன்றாமாண்டு

சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கு, 2001. சந்தால் சமூகத்தைப் பற்றியது. நீங்கள் சொன்னது அப்படியே அதில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு ஜீவனாம்சம் போட்டீர்களா? அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது. பி.என்.எஸ்.எஸ். 144 எல்லாச் சமூகத்துக்கும் பொது.

ஏற்காட்டு மிளகு

போட்டோம், கிடைத்தது. மாதம் 4 ஆயிரம். வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

பழைய குமாஸ்தா

வராத மாதம் என்றீர்களே, கவனியுங்கள். அங்கேதான் நிஜமான கடிகாரம் ஓடுகிறது. ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடக் கெடு இல்லை. ஆனால் உத்தரவு ஆன பிறகு, பாக்கித் தொகையை வாரன்ட் போட்டு வசூலிக்க, அது சேர வேண்டிய தேதியிலிருந்து 1 வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். இரண்டு வருஷப் பாக்கியைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக வாங்கலாம் என்று இருந்தால் பழைய வருஷத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிவாரணம் கேட்பதற்கும் அந்த 468 கெடு பொருந்தாது. காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன், 2022.

மூன்றாமாண்டு

498ஏ பற்றியும் ஒரு விஷயம் ஐயா. ஒரே விசாரணையில் சேர்த்து நடத்தக்கூடிய குற்றங்களுக்கு, அவற்றில் பெரிய தண்டனை உள்ளது எதுவோ அதன் கெடுவைத்தான் பார்க்க வேண்டும் என்று 468-இலேயே மூன்றாம் உட்பிரிவு இருக்கிறது. 494-ஐயும் 498ஏ-வையும் சேர்த்துப் போட்டால் கொடுமைக்கும் மூன்று வருஷத் தடை விலகுமா?

பழைய குமாஸ்தா

வாதிடலாம். 2014 அடியும் 2016 தாலியும் ஒரே விசாரணைக்குள் வருமா என்று மறுபக்கமும் வாதிடும். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கவும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் நான் தம்பி இடத்தில் இருந்தால் 494-ஐ மட்டும் சுத்தமாகப் போடுவேன். கூடையில் அதிகம் போட்டால் பிடி அறும்.

சலங்கைத் தம்பி

ஐயா, இன்னொன்று சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் பேசிய அன்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் ஒன்று எழுதினார்கள். "இன்று முதல் இருவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்" என்று. அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அப்பா சாட்சி. அது போதும் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பழைய குமாஸ்தா

தேதி என்ன?

சலங்கைத் தம்பி

2016 ஐப்பசி. தீபாவளிக்கு முந்தின வாரம்.

பழைய குமாஸ்தா

அப்படியென்றால் அவர் கட்டியது ஆவணியில், பத்திரம் எழுதியது ஐப்பசியில். தாலி கட்டிய நேரத்தில் அந்தப் பத்திரம் உலகத்திலேயே இல்லை. குற்றம் தாலி ஏறிய அந்த நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது, பின்னால் எழுதிய காகிதம் அதைக் கழுவாது.

முன்தேதியில் எழுதியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சில சமூகங்களில் ஊர் கூடித் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு. இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவில் அந்த மாதிரி வழக்கத்தை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் "எங்கள் சாதியில் இந்த வழக்கம் காலங்காலமாக இருக்கிறது" என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியதால் மட்டும் வழக்கம் பிறக்காது. அந்தப் பத்திரத்தின் நகலை வைத்திருங்கள். அதில் "எனது இரண்டாவது திருமணம்" என்று அவர் ஏதாவது எழுதியிருந்தால் அது உங்களுக்குத்தான் உதவி.

கண்ணன்குறிச்சி மல்லிகா

தம்பி, வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. எனக்கும் அந்த மாதிரி ஒரு பேப்பர் இருக்கிறது. என்னை வாசிக்கக்கூட விடவில்லை, "போடும்மா, பெரியவங்க சொல்றோம்ல" என்றார்கள்.

அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டீர்களா? தெரியாமல் கட்டிவைத்திருந்தால் அவளும் ஏமாந்தவள்தான்.

மூன்றாமாண்டு

ஆமாம் அக்கா, 2011-இல் சுபாஷ் பாபு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏமாற்றப்பட்ட இரண்டாவது பெண்ணும் பாதிக்கப்பட்டவர்தான், அவரும் புகார் கொடுக்கலாம் என்றது. முதல் கல்யாணத்தை மறைத்திருந்தால் 495.

மேட்டூர் ராசா

கடைசியாக ஒன்று. இவ்வளவு பாடுபட்டுத் தண்டனை வந்தாலும், கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திரு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களாமே?

பழைய குமாஸ்தா

அனுப்பியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அதில் குற்றவாளிகள் மனைவியும் அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரும், புகார் கொடுத்தவர் முதல் கணவர், அந்தக் கலையும் வரை தண்டனை மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றம் இரண்டு பேருக்கும் 6 மாதமாக ஆக்கியது. சின்னக் குழந்தை இருந்ததால் ஒருவர் முடித்து வந்த பிறகு மற்றவர் போகும்படி ஏற்பாடு. ஆக, இனி அவ்வளவு லேசாக விடமாட்டார்கள். நடுவில் சமரசம் ஆனால் கோர்ட் அனுமதியோடு அக்காவே வழக்கை முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த 3 லட்சத்தில் மீதியை ஊர்ப் பெரியவர் முன்னால் பேசுவதும் மாஜிஸ்திரேட் முன்னால் பேசுவதும் ஒன்றில்லை.

தம்பி, கோயில் அறநிலையத் துறைக் கோயிலா? அங்கே கல்யாணம் பதிய வரும்போது முதல் திருமணம்தான் என்று வி.ஏ.ஓ. சான்று கேட்பது வழக்கம். அவர் ஏதோ ஒன்று கொடுத்துத்தான் கல்யாணம் நடந்திருக்கும். அந்தக் கோப்பு இருக்கிறதா பாருங்கள்.

சலங்கைத் தம்பி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கோயில் ஆபீஸுக்குப் போனோம். கேட்டவுடன் தரமாட்டோம், கோர்ட்டிலிருந்து கேட்டால் தருவோம் என்றார்கள். ஆனால் அந்த எழுத்தர் 2016 நோட்டைப் புரட்டிப் பார்த்து, பக்கத்தைக் காட்டாமல், "இருக்கு" என்று மட்டும் சொன்னார். தாலி எடுத்துக் கொடுத்த குருக்கள் அங்கேயே இருக்கிறார், வயசு எழுபதுக்கு மேல். அந்தச் சித்தப்பா பையனும் சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டான். மணவறைக்குப் பக்கத்தில் நின்று தேங்காய்ப் பை கொடுத்தவன் அவன். குமாஸ்தா ஐயா சொன்ன சமையல்கட்டு ஆளில்லை.

ஓமலூர் எல்லைக்குரிய கோர்ட்டில் போட வக்கீல் பேசியாகிவிட்டது. அடுத்த வாரம் தாக்கல். கெடு இல்லை என்று சொன்னதும் அக்கா கேட்டது, "அப்ப அடுத்த வாரம் போனாப் போதும்ல? இந்த வாரம் பட்டறையில் ஆர்டர் இருக்கு." 

பத்திரிகையும் கிடைத்தது. பழைய தகர டிரங்குப் பெட்டியில், அப்பாவின் வேட்டிக்கு அடியில். நாலு மூலையிலும் தடவியிருந்த மஞ்சள் பழுப்பாகிவிட்டது. "காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்" என்று முகூர்த்தம் தெளிவாக இருக்கிறது.

பழைய குமாஸ்தா

குருக்களைச் சீக்கிரம் சாட்சிப் பட்டியலில் சேருங்கள். வயசைச் சொல்லி அவரை முதலில் விசாரிக்கக் கேளுங்கள். பத்திரிகையை ஒரு கவரில் போட்டு அப்படியே வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், கோர்ட்டில் சான்றாவணமாகக் குறிக்கும்போது அதன் மேல்தான் முத்திரை குத்துவார்கள்.

சலங்கைத் தம்பி

ஐயா... அக்கா நேற்றே செவ்வாய்ப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிட்டாள். "கிழிஞ்சு போயிடக் கூடாதுல்ல" என்றாள்.

பழைய குமாஸ்தா

சரி விடுங்கள். பிரிக்க முயற்சி செய்யாதீர்கள், அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். சித்தப்பா பையன் கையிலும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.